டிக்கிக்குள் உதிரும் நுரை

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பம் கடைக்குள் நுழைந்தால் வெளியே வரப் பல மணி நேரம் ஆகும். அதன் பிறகு காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று கோயில் சுற்று. அதுவரை கார் வெயிலில் கிடக்கும். வெளியே 38 டிகிரி செல்சியஸ் என்றால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் காற்று ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியை நெருங்கும். நேர் வெயில் படும் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். இந்தச் சூட்டை மற்ற எதையும்விடப் பொறுக்க முடியாத ஒரு பொருள் காரின் பின்புறம் இருக்கிறது. தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரின் கோனையும் அதன் இரும்புச் சட்டத்தையும் இணைத்து வட்டமாக ஓடும் நுரை வளையம்தான் அது. மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஃபோம்’ என்பார்கள்.

அது போய்விட்டால் அடையாளம் தெளிவாகத் தெரியும். ‘தம்’ என்று நெஞ்சில் இறங்க வேண்டிய ஒலி ‘படபட’ என்று கிழிந்த காகிதம்போல் வரும். வால்யூமைக் கூட்டினால் உள்ளே ஏதோ இடிப்பதுபோல் ‘டக் டக்’ கேட்கும். கடையில் காட்டினால் “ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இந்தப் பதிலை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. காந்தம் பல பத்தாண்டுகள் நிற்கும். சட்டம் துருப்பிடிக்காதவரை நிற்கும். செம்புச் சுருள் கருகாதவரை நிற்கும். மொத்த ஸ்பீக்கரிலேயே விலை குறைந்த பாகம் அந்த நுரைதான், முதலில் சாவதும் அதுதான். அதை வீட்டிலேயே மாற்ற முடியும். ஒரு மல்டிமீட்டர், நல்ல பசை, சரியான அளவுள்ள வளையம், அவசரப்படாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும்.

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் வடிவம் ஏறத்தாழ நூறு வயதானது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-இல் அதை வெளியிட்டார்கள். காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் தொங்குகிறது. அதற்குப் பெயர் வாய்ஸ் காயில். அதில் பாடலின் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. சுருளோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது. காரில் பாடும் பத்து அங்குல சப்வூஃபரும் இதே ஏற்பாடுதான்.

தாழ்ந்த ஒலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய கோன்? நாம் கேட்கும் ஒலியழுத்தம் கோன் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைந்து கிடைக்கும் சத்தம் 40 ஹெர்ட்ஸில் கிடைக்க 8 மில்லிமீட்டர் அசைய வேண்டும். பன்னிரண்டு அங்குல கோன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று தள்ளப்படுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் நுரை வளையம் 1,44,000 தடவை மடங்கி விரிகிறது. இத்தனை மடங்கலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால்தான் அங்கே மென்மையான பொருள் வைக்கிறார்கள்.

தாழ்ந்த சுருதிக்கு இன்னொரு தேவையும் உண்டு, எடை. இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு நூல் தேவையில்லை, மிருதங்கம் போதும். கச்சேரிக்கு முன்னால் வித்வான் ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்புகிறார். தோலின் இழுவிசை மாறவில்லை, நிறை மட்டும் கூடுகிறது. உடனே நாதம் கீழே இறங்கிக் கனக்கிறது. வலந்தலையின் கறுப்புக் கரணை வேறு வேலை செய்கிறது. அது தோலின் மேலதிர்வுகளை ஒன்றோடொன்று இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி.வி.ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது இந்த இசைவைத்தான். பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் (1889–1934) ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாளக்காரர் கூட்டத்துக்காகவே பேர்பெற்றவை. மைக் பரவாத அந்தக் காலத்தில் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கனத்த ஒலி போய்ச் சேர்ந்தது தோலும் ரவையும் விரலும் செய்த வேலையால்.

சப்வூஃபரிலும் கணக்கு அதேதான். விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதைப் பொறுத்து அதன் இயல்பான அதிர்வெண் அமைகிறது. அதனால்தான் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரில் அசையும் பகுதி மட்டும் நூறு கிராமுக்கு மேல் கனக்கும். உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரில் அது ஒரு கிராம்கூட இராது. நல்ல ட்வீட்டர்களின் குமிழ் பல நேரங்களில் பட்டுத் துணியால் ஆனது. மெல்லிய நெசவில் பிசின் பூசி, காற்றுக் கண்களை அடைத்து, அழுத்திக் குமிழாக்குகிறார்கள். எடை குறைவு, தேவையற்ற அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும் குணம் இரண்டும் பட்டுக்கு உண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஓடும் இழைக்கு இப்படி ஒரு உறவு இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம் தரும் செய்தி.

இனி நுரைக்கு வருவோம். அது பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் உருவாக்கிய பொருள். அதில் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை நுரையின் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றின் ஈரம் இந்தப் பிணைப்புகளை அறுக்கிறது. அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலமே அடுத்த பிணைப்பு அறுபடுவதைத் துரிதப்படுத்துகிறது. ஆகவே நுரை பல வருடம் நன்றாக இருந்து, பிறகு குறுகிய காலத்தில் பொலபொலவென்று உதிர்கிறது. பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சத்திலும் ஆக்சிஜனிலும் நைந்துபோகும். வெப்பம் இந்த இரண்டு சிதைவுகளையும் துரிதப்படுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு. சித்திரை வெயில், ஐப்பசி ஈரம் இரண்டும் மாறி மாறி அடிக்கும் ஊரில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவையை வெயிலில் காயப்போடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் வேதியியலும் இதற்கு நெருங்கியதுதான். புற ஊதாக் கதிர் பட்டின் புரதச் சங்கிலியை அறுக்கிறது, நுரையின் சங்கிலியையும் அறுக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் நுரை சாகும். அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் சில வருடங்கள் கழித்து எடுக்கும்போது தூளாகக் கொட்டுவதும் இதே வினைதான். அதனால் ‘நான் சத்தமாகவே வைத்ததில்லையே’ என்று வருந்த வேண்டாம்.

நுரை கிழிந்த பிறகும் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் உண்மையான ஆபத்து. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்று விரிகிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அவற்றைப் பிரித்து வைக்கத்தான் பெட்டி. கிழிசல் வழியே இரண்டும் கலந்து, தாழ்ந்த ஒலி வற்றிப்போகிறது. நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்போல் கோனைக் கட்டுக்குள் வைத்திருந்தது, அந்தப் பிடியும் இப்போது இல்லை. சுருள் எல்லை தாண்டிப் பின்தகட்டில் இடிக்கிறது. அதைவிட மோசமானது சாய்வு. கோனை நடுவில் நிறுத்துபவை இரண்டு: வெளியே நுரை, உள்ளே ஸ்பைடர். ஸ்பைடர் என்பது பிசினில் தோய்த்து மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. ஒரு பக்கப் பிடி போனதும் கோன் ஆடுகிறது, மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் சுருள் காந்தத்தின் சுவரை உரசுகிறது. கம்பியின் வார்னிஷ் தேய்ந்து ஷார்ட் ஆனால் அதோடு முடிந்தது. சில்லறைச் செலவில் தீர வேண்டிய வேலை முழு ஸ்பீக்கரையும் கொண்டுபோய்விடும். முதல் விரிசலைப் பார்த்த அன்றே ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றி வெளியே எடுத்ததும் மூன்று சோதனைகள். முதலாவது, நுரையை விரலால் மெல்ல அழுத்துங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினாலோ தூளாக உதிர்ந்தாலோ அது போய்விட்டது, ஒரு இடத்தில் நன்றாக இருந்தாலும் முழு வளையத்தையும் மாற்ற வேண்டும். இரண்டாவது, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் ஆரோக்கியம். எழுதியிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு, மீட்டர் காட்டுவது செம்பின் வெறும் தடை, அதனால்தான் வித்தியாசம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. பல கார் சப்வூஃபர்களில் இரட்டைச் சுருள் இருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றாவது, இரண்டு கைகளின் விரல்களையும் கோனில் சமமாக வைத்து நேராக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. ‘சரசர’ என்று உரசி, எப்படி அழுத்தினாலும் அது போகவில்லை என்றால் சுருள் வீங்கியிருக்கிறது அல்லது கோணலாகியிருக்கிறது. வெறும் ஃபோம் மாற்றினால் அது தீராது.

வளையம் வாங்கும்போது ‘பத்து இஞ்ச்’ என்று மட்டும் சொல்லிக் கேட்பது வீண். அந்தப் பத்து அங்குலம் பெரும்பாலும் சட்டத்தின் அளவு. கோனின் வெளிவிட்டம், வளையத்தின் வளைந்த பகுதி தொடங்கும் இடம், முடியும் இடம், சட்டத்தில் ஒட்டும் பரப்பின் அகலம் இவற்றை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதையும் குறியுங்கள். தடிமனும் மென்மையும் பழையதை ஒட்டியே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலும், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்த கணக்கின்படி, பெட்டியின் கொள்ளளவு ஸ்பீக்கரின் நெகிழ்வுக்குப் பொருந்த வேண்டும். விறைப்பான வளையம் போட்டால் அதே பெட்டி அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்தாமல் போகும், தாழ்ந்த ஒலி மேலே ஏறிவிடும். ரெக்ஸின், சைக்கிள் டியூப், மெத்தை நுரை என்று கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டுவதை நான் ஆதரிக்காததற்குக் காரணம் இதுதான். அளவு எழுதிய காகிதத்தோடு சென்னை ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. இணையத்திலும் வளையங்கள் விற்கிறார்கள்.

சுத்தம் செய்யும் வேலையில்தான் பொறுமை சோதிக்கப்படும். சட்டத்தின் மேல் உள்ள அட்டை வளையத்தைக் கிழியாமல் நெம்பி எடுத்து வையுங்கள், அது திரும்பவும் தேவைப்படும். பழைய நுரையையும் பசையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். உலோகச் சட்டத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தாராளமாகத் துடைக்கலாம், காகிதக் கோனில் துணியை நனைத்து லேசாகத்தான். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். காந்தத்தின் பக்கம் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோகும்போது கவனம் வேண்டும், கையிலிருந்து பறித்துக்கொண்டு கோனைக் கிழித்துவிடும். இரும்புத்தூள் படிந்த மேஜையில் வேலை செய்யக் கூடாது. இடைவெளிக்குள் ஒரு துகள் போனாலும் வாழ்நாள் முழுக்க உரசும். போய்விட்டால் ஒட்டும் டேப்பை மடித்து நுழைத்து எடுக்கலாம்.

பசை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்து, மடங்கும் விளிம்பில் நுரையைப் பிளக்கும். உருக்கி ஒட்டும் பசைக்குச்சி காரின் சூட்டில் இளகும். காய்ந்த பிறகும் நெகிழ்ந்து கொடுக்கும் வெள்ளைப் பசை, அதாவது ஸ்பீக்கர் வளையத்துக்கென்று விற்கும் நீர் கலந்த வகை, காகிதக் கோனுக்கு மிக நல்லது. மெதுவாகக் காய்வதால் நடுவாக்க நேரம் கிடைக்கும். கோன் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் என்றால் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது. விளிம்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அந்தப் பிளாஸ்டிக்குக்கான பசையையே வாங்க வேண்டும். எதுவானாலும் மெல்லிய பூச்சு போதும். தொப்பியில் ரவையை நடுவில் வட்டமாகத்தான் வைக்கிறார்கள். கோன் விளிம்பில் ஒரு பக்கம் பசை கட்டியாக நின்றால் எடை கோணலாகி, கோன் ஆட்டம் போடும்.

முதலில் கோனில் மட்டும் வளையத்தை ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். பிறகுதான் சட்டத்தில் ஒட்டுவது. அப்போதுதான் முழு வேலையின் வெற்றியும் தோல்வியும் தீர்மானமாகிறது, சுருள் இடைவெளியின் சரிநடுவில் நிற்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. கோனின் நடுவிலுள்ள மூடியைக் கூரிய பிளேடால் ஓரம் விட்டு வெட்டி எடுத்தால் சுருளும் நடுத்தூணும் தெரியும். பழைய எக்ஸ்-ரே ஃபிலிமை மெல்லிய பட்டைகளாக நறுக்கி நான்கு திசைகளிலும் செருகினால் சுருள் தானாக நடுவில் நிற்கும். பசை காய்ந்ததும் உருவிவிட்டு மூடியை ஒட்ட வேண்டும். மூடியை வெட்ட மனமில்லாதவர்களுக்கு இரண்டாவது வழி. சட்டத்தில் பசை ஈரமாக இருக்கும்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த அளவில் கொடுங்கள். கோன் மெல்ல மூச்சுவிடும். உரசல் கேட்கும் பக்கத்தில் வளையத்தை நூலளவு நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சத்தம் முற்றிலும் நின்றுவிடும். அங்கேயே சுற்றிலும் துணி கிளிப்புகளை மாட்டுங்கள். ஸ்பைடர் நல்ல நிலையில் இருந்தால் இந்த வழியே போதும், எனக்குப் பிடித்ததும் இதுதான். எந்த வழியானாலும் ஒரு முழு நாள் காயட்டும்.

சுருள் கருகியிருந்தால் வீட்டில் செய்யும் வேலை அல்ல அது. கோன், சுருள், ஸ்பைடர் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். மைக் செட் ஸ்பீக்கர்களுக்குக் கோன் கட்டும் பட்டறைக்காரர்கள் அதை நேர்த்தியாகச் செய்வார்கள். திருவிழாவுக்குத் திருவிழா கிழியும் பெரிய வூஃபர்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். காருக்கென்று புதிதாக வாங்குவதாக இருந்தால், நுரைக்குப் பதில் ரப்பர் வளையம் உள்ளதை எடுங்கள். கொஞ்சம் கனம், அதனால் கொஞ்சம் சத்தம் குறையும். ஆனால் நம் வெயிலையும் ஈரத்தையும் பல மடங்கு காலம் தாங்கும்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளம் வந்தது. வாகனங்களும் மின்னணுப் பொருட்களும் அதன் வரம்புக்குள் இருக்கின்றன. ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் வளையத்தின் அளவைச் சட்டத்தின் பின்னால் அச்சிட்டு, வளையத்தைத் தனி உதிரிபாகமாக விற்றால் எத்தனையோ கிலோ நல்ல காந்தமும் செம்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பும். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது ஆம்பையும் சரிசெய்யுங்கள். கார் சப்வூஃபருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 300 வாட் கொடுத்தால் 3 வாட்டுக்கும் குறைவு ஒலி, மீதி முழுக்கச் சுருளின் சூடு. சுருள் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் செம்பின் தடை ஏறக்குறைய 39 சதவீதம் ஏறும், சத்தம் தானாகவே குறையும், நாம் மறுபடியும் வால்யூமை ஏற்றுவோம். ஆம்பால் கொடுக்க முடிந்ததைவிட அதிகம் கேட்கும்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்தத் தட்டை அலை சுருளுக்குள் இறக்கும் சக்தி சுத்தமான அலையைவிட இரண்டு மடங்குவரை போகும். ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கு வைத்து, ஆம்பின் கெயினைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றி, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். புது வளையம் முதல் சில மணி நேரம் விறைப்பாக இருக்கும், அதுவரை மிதமாகவே வையுங்கள்.

ஒயர்களை மாட்டும் முன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸை மற்றதிலும் கணநேரம் தொடுங்கள். கோன் வெளியே எட்டிப் பார்த்தால் முனைகள் சரி. இரட்டைச் சுருளில் இரண்டுமே ஒரே திசையில் தள்ள வேண்டும், ஒன்று எதிராக இருந்தால் கோன் அசையாமல் சுருள் மட்டும் சூடாகும். எல்லாம் மாட்டிய பிறகும் தாழ்ந்த ஒலி மெலிந்து கேட்டால் சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கர்களும் எதிரெதிராகத் தள்ளுகின்றன என்று பொருள். சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் மாற்றி மாட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அதே பாட்டை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். எதில் அதிகம் கனக்கிறதோ அதுவே சரியான இணைப்பு.